டீச்சர் என்ன ஆளுக?

நம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. ஊருக்குள் புதிதாக ஒருவர் வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்பார்கள். கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவர்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். "நீங்க என்ன ஆளுக?" நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சுற்றி வளைப்பார்கள். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, மாசிச் சிவராத்திரிக்கு எந்தக் குலசாமி கோயிலுக்குப் போகிறீர்கள். இது எதற்கும் பிடி கொடுக்காத பெண்ணாக இருந்தால் கழுத்தைப் பார்ப்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட நம் ஊர்களில் தாலி வாசிக்கத் தெரியும். அதன் அமைப்பைப் பார்த்ததுமே சாதியைச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல், ஒரே ஊரில், ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்பியவர் அனுசியா டீச்சர். ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அங்கே தலைமையாசிரியை. ஊர்ப்பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். சாதிகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும். குமட்டுவதே அதனால்தான்.

அனுசியா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா ராணுவத்தில் இருந்தவர். அண்ணன் விஜயபாண்டி போலீசில் சேர்ந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். சீருடை போடாமல் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அனுசியாதான். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அழைப்பு வருகிறவரை ஒரு தனியார் பள்ளியில் அரை வயிற்றுச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார். அழைப்பு வந்தது. கூமாப்பட்டிக்கும் அப்பால், மலையடிவாரத்தில் ஒரு துவக்கப்பள்ளி. பஸ் கூமாப்பட்டியோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான்.

நடந்து போய்ச் சேர்ந்தபோது வீடு தயாராக இருந்தது. ஊரில் நிலக்காரர் ஒருவர் "நம்ம புள்ளை" என்று சொல்லித் தன் வீட்டில் ஒரு பகுதியை ஒழித்துக் கொடுத்திருந்தார். காலையில் பால் வந்தது. அண்ணன் விஜயபாண்டி முன்கூட்டியே ஆள் பிடித்துச் சொல்லி வைத்த ஏற்பாடு அது. அனுசியாவுக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது.

ஒரு பருவம் முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து வருகிற பிள்ளைகள் அவரிடம் சந்தேகமே கேட்பதில்லை. சிலேட்டைத் திருத்தக் கொண்டுவந்தால், விரலில் விரல் பட்டுவிடாதபடி ஓரத்தைப் பிடித்து நீட்டினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். 'அ' எழுத வராது, சுழியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாது. ஆனால் டீச்சரைத் தொடாமல் சிலேட்டு நீட்டத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கட்டுப்பாடு, பண்பாடு, ஊர் ஒழுக்கம் என்று மேடையேறிப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கை தட்டியும் இருக்கிறோம்.

நிலக்காரர் அனுப்பிய பால் எந்தக் கணக்கில் வருகிறது என்று அனுசியாவுக்குப் புரிந்தது. வாங்க மறுத்தார். அதனால் பிள்ளைகளின் விரல் நெருங்கி வந்துவிடவில்லை. அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை இனி அழிக்க முடியாது.

தபால் வழியில் பட்டம் படித்தார், பி.எட். முடித்தார், பதவி உயர்வில் வேறு வேறு பள்ளிகளுக்கு மாறினார். கடைசியில், சோழபுரம் பக்கத்துப் பள்ளிக்குக் கலந்தாய்வில் இடம் எடுத்தபோது ஒரு முடிவோடு வந்தார். இந்த ஊருக்குத் தான் யார் என்று தெரியவே கூடாது.

சாதியை மறைப்பது இந்த மண்ணில் திருட்டை மறைப்பதைவிடக் கஷ்டம். ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு பஸ்ஸில் வந்து போனார். உறவுக்காரர் கல்யாணப் பத்திரிகை எதையும் பள்ளிக்குக் கொண்டுவரவில்லை. தாலியை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் சங்கிலி போட்டுக்கொண்டார். மாமியார் சாகிறவரை அதைச் சொல்லியே அழுதார். சிவராத்திரிக்கு ஊரே குலசாமி கோயிலுக்குக் கிளம்பிப் போய் வகுப்பு காலியாகக் கிடக்கிற நாளில் டீச்சர் மட்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த கணவர் கேலி செய்வார்: "களவாணிகூட இம்புட்டுப் பாடுபட மாட்டான் அனுசியா."

நேரில் கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஒங்க மனசுல என்ன நெனச்சு வச்சிருக்கியளோ, அந்த ஆளுகதான்."

ஊரில் இரண்டு குடியிருப்பு. நிலம் வைத்திருக்கிற மேலத்தெரு, அந்த நிலத்தில் வேலை செய்கிற காலனி. டீச்சரின் பதிலை இரண்டு பக்கமும் தங்களுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொண்டது. அந்த அதட்டலும் நடையும் நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குத்தான் வரும், வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றது மேலத்தெரு. நம்ம பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிடுகிறார்களே, வேறு எவள் செய்வாள், வேலைக்காக மறைத்துக்கொண்டு திரிகிறார்கள் பாவம் என்றது காலனி. இரண்டு தெருவும் தத்தம் ரகசியத்தைப் பத்திரமாகக் காத்தன. அனுசியா டீச்சர் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியும் செம்பில் தண்ணீரும் கிடைத்தன. வேனில் போகிற ஆங்கிலப் பள்ளி மோகம் ஊரை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் மூடாமல் நின்றதற்கு அதுதான் காரணம்.

பையன்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். மஞ்சளும் சிவப்பும் ஒரு கூட்டம், பச்சையும் ஊதாவும் இன்னொரு கூட்டம். அரும்பு மீசை முளைப்பதற்கு முன்னால் மாட்டுக்கு அடையாளம் போடுகிற மாதிரி தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். டீச்சரின் சாக்பீஸ் டப்பாவில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் கிடக்கும். வெட்டிவிடுவார். கோயில் கயிற்றை வெட்டலாமா என்று தகப்பன்மார்கள் சண்டைக்கு வந்தால், கோயில் கயிறென்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கலரில் கட்டி அனுப்புங்கள், நானும் ஒன்று கட்டிக்கொள்கிறேன் என்பார். ஒருவரும் ஒரே கலரில் வாங்கி வரவில்லை.

பிறகு காலை உணவுத் திட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, பொங்கல், கிச்சடி. சுய உதவிக் குழுவிலிருந்து சமைக்க வந்தவர் மாரியாத்தாள். காலனிக்காரர். முதல் வாரம் மேலத்தெருப் பிள்ளைகள் ஒருவரும் தட்டை எடுக்கவில்லை. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்றார்கள். சாப்பிட்டிருக்கவில்லை. வாசனை வருகிற பக்கம் மூக்கு போய் வந்துகொண்டிருந்தது. பசியோடு இருக்கிற குழந்தையிடம் பொய் சொல்லச் சொல்லி அனுப்புகிற பெற்றோரை என்னவென்று சொல்வது?

அனுசியா டீச்சர் தினமும் காலையில் சீக்கிரம் வந்து, வராண்டாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் தட்டை வாங்கிச் சாப்பிட்டார். மேலத்தெருவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர் நம்ம ஆளாக இருந்தும் சாப்பிடுகிறார்களே, அப்படியானால் சாப்பிடலாம் போல என்று ஒரு வீடு இறங்கி வந்தது. பிறகு இன்னொரு வீடு. ஐயாதுரை என்று மேலத்தெருவில் வாக்குச் செல்லும் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பேத்தியும் தட்டோடு வந்து உட்கார்ந்தபிறகு வரிசை ஒரே வரிசையாகிவிட்டது. மாரியாத்தாள் "அக்கா, இன்னுங் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். அரசாங்கப் பள்ளியில் ஒரு ஆசிரியை தன் வேலைக்காலம் முழுவதையும் கொடுத்துச் சம்பாதித்தது அந்த ஒற்றை வரிசைதான்.

அதைக் கெடுத்தது ஒரு பாராட்டு.

நம் நாட்டில் ஆசிரியரை மதிப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, நான் இன்னின்ன சாதித்தேன் என்று அவரே விண்ணப்பம் எழுதி, சான்றிதழ் சேர்த்து, அலுவலகம் அலுவலகமாக நடந்து வாங்கிக்கொள்கிற மரியாதை. அனுசியா அந்தப் பக்கம் போனதேயில்லை. இன்னொன்று தானாகவே வீடு தேடி வரும். சாதிச் சங்கம் கொடுப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் பிறந்த சாதிக்கு ஒரு சங்கம் உண்டு. பெயரில் 'கல்வி', 'நலம்', 'அறக்கட்டளை' எல்லாம் இருக்கும். அந்த வருஷ ஆசிரியர் தினத்தில் 'நம் சமுதாயத்தின் ஆசிரியர் மாணிக்கங்கள்' என்று சிலருக்குப் பொன்னாடை போர்த்த முடிவு செய்தார்கள். பட்டியலில் தங்கையின் பெயரைச் சேர்த்தது விஜயபாண்டி.

போனில் சொன்னபோதே அனுசியா வேண்டாம் என்றார். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப் போகிறாய், இத்தனை வருஷத்தில் ஒரு மாலை விழுந்திருக்கிறதா உன் கழுத்தில் என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்பதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நல்லவர்தான். பாசமும் இருந்தது. அந்தப் பாசத்தோடு, தன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் தங்கையை மட்டும் வெட்டி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கிய அனுசியா, இரண்டு கம்புகளுக்கு நடுவே தன்னையே பார்த்தார். பஸ் உயரத்துக்குப் பிளெக்ஸ். ஒரு பக்கம் பிடரி சிலிர்த்த சிங்கம். ஒரு பக்கம் முன்னங்கால் தூக்கிய குதிரை. குறுக்கே இரண்டு வாள். மேலே சங்கத் தலைவர்கள், மீசைகள், கூப்பிய கைகள். எல்லாவற்றுக்கும் நடுவே பட்டுச் சேலையில், தலை நிறைய மல்லிகையோடு அவர். 'எங்கள் குல விளக்கே' என்று தலைக்கு மேலே. காலடியில் இன்னாரின் புதல்வி என்று அப்பாவின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால், ராணுவத்தில்கூட அவர் போட்டுக்கொள்ளாத சாதிப் பட்டம், பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

கீழே பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும். எழுத்துக் கூட்டி, விரல் நீட்டி, ஒரே குரலில் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். தடுக்கிய இடத்தில் ஒருவருக்கொருவர் திருத்தினார்கள். அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் அவர். பாடப் புத்தகத்துக்கு வெளியே அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாசித்த முதல் பாடம், டீச்சரின் சாதி.

அன்று காலை வராண்டாவில் மாரியாத்தாள் வழக்கம்போல முதல் தட்டைக் கொண்டுவந்தார். கையில் கொடுக்கவில்லை. எட்டத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று, "சாப்பிடுங்கம்மா" என்றார்.

அக்கா போய் அம்மா வந்துவிட்டது. அனுசியாவுக்கு அந்த நிமிஷம் கூமாப்பட்டிக்கு அப்பாலிருந்த அந்தப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. ஓரத்தைப் பிடித்து நீட்டிய சிலேட்டுகள். நிமிர்ந்து பார்த்தார். காலனிப் பிள்ளைகள் ஒரு கோடியில் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இரவே சொல்லி வைத்திருக்க வேண்டும். பிளெக்ஸ் முந்தின நாள் சாயங்காலமே கட்டியாகிவிட்டது.

சாப்பாடு முடிவதற்குள் ஐயாதுரை வந்தார். முந்தின வெள்ளிக்கிழமை வரை அவருக்கு இவர் டீச்சர். அன்று தங்கச்சி.

"இம்புட்டு நாளும் சொல்லாமலே இருந்துட்டியே தங்கச்சி. நாங்க என்ன வேத்து ஆளுகளா?" என்று ஆரம்பித்து, ஊர் நியாயம் பேசி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தனக்குத் தெரிந்த உறவு முறைகளை எல்லாம் அடுக்கி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். சமையலுக்கு ஆளை மாற்றிவிட வேண்டும். ரகளை எதுவும் வேண்டாம். மாரியாத்தாளாகவே நின்றுவிட்டது போல எழுதிக்கொள்ளலாம். தலைமையாசிரியை சொன்னால் ஆபீஸில் கேட்பார்கள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் ஒங்க பேத்தி இந்த வராண்டாவுலதான சாப்பிட்டா?" என்றார் அனுசியா.

"அப்ப நீ யாருன்னு ஊரறியத் தெரியாதுல்லா? நாங்களா நெனச்சுக்கிட்டதுதான?"

"நான் யாருங்கதுக்கும் உப்புமாவுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

ஐயாதுரைக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்கு விளக்குகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "தெரியாமத் தின்னா அது பசி. நம்ம டீச்சரே இருக்கையில நம்ம புள்ளைக அந்தச் சமையக்காரி கையில தின்னா அது மானக்கேடு. அக்கம்பக்கத்து ஊருல கேக்க மாட்டானா?"

இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடாதீர்கள். ஒரு பெண் சமைத்த உணவு அப்படியேதான் இருக்கிறது. அதே அரிசி, அதே ரவை, அதே கை. அதைத் தின்ற பிள்ளையின் வயிறும் அதே வயிறுதான். மாறியது ஒன்றுதான்: பஸ் நிறுத்தத்தில் ஒரு துணி. அந்தத் துணியால் உப்புமா தீட்டாகிவிட்டது. மனிதன் நிலாவில் காலை வைத்துவிட்டு வந்து இத்தனை காலம் ஆகிவிட்டது. நாம் வராண்டாவில் உட்கார்ந்து, யார் கையில் தின்னலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றாவிட்டால் மேலத்தெருப் பிள்ளைகளை வேனில் ஏற்ற வேண்டியிருக்கும் என்று ஐயாதுரை போகிறபோக்கில் சொன்னார். மறுநாள் வராண்டாவில் இரண்டு வரிசை. மேலத்தெரு வரிசையில் பாதித் தட்டுகள் காலி. காலனி வரிசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அனுசியா தட்டோடு நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் அவரை விட்டு இன்னும் கொஞ்சம் விலகியது.

அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். அண்ணன் வீட்டில் சங்கச் செயலாளர் பாண்டிச்செல்வமும் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் போட்டு மனை வாங்கி விற்கிறவர். பிளெக்ஸை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அண்ணி தட்டில் பால்கோவா கொண்டுவந்து வைத்தார். அனுசியா தொடவில்லை.

பிளெக்ஸை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். காரணத்தையும் சொன்னார். பாண்டிச்செல்வம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காலனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தா நாம் நம்மவர்களுக்கு மரியாதை செய்ய முடியும் என்றார். அதில் தவறாக ஒரு எழுத்து இருக்கிறதா, பொய்யாக ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எல்லாம் உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் அக்கறையாக ஒன்று சொன்னார்.

"அதுல தலைவர் படம் இருக்கு டீச்சர். விழா முடியுமுன்ன அது காணாமப் போனா, எவன் கை வச்சான்னு கேள்வி வரும். காலனிப் பயலுவதான்னு நம்ம பயலுவ ரோட்டுல உக்காந்துருவானுவ. பொறவு நாலு பேரு உள்ள போவான். படிக்கிற பயலுவளாக்கூட இருப்பானுவ. அந்தப் பாவம் ஒங்களுக்கு வேணுமா?"

மிரட்டலைக்கூட நம் ஆட்கள் தர்மம் போலப் பேசக் கற்றிருக்கிறார்கள். அவர் சொன்னது நடக்கக் கூடியது என்பது அனுசியாவுக்குத் தெரியும். ஒரு துணி கிழிந்ததற்காகப் பஸ் எரிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். இரவோடு இரவாக யாரையாவது வைத்து இறக்கிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தார். அந்த வழி அடைபட்டது.

பஸ் நிலையம் வரை அண்ணன் கூடவே வந்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் கேட்டார். "அதுல அப்பா பேரு இருக்கு அனுசியா. அப்பாவ மறைச்சு வச்சுத்தான் நீ வேலை பாக்கணுமா?"

"அப்பா பேர மறைக்கலண்ணே. அதுக்குப் பொறத்தால நீங்க ஒட்ட வச்சதத்தான் மறைச்சேன்."

"நீ மறைச்சா போயிருமா?"

பஸ் வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலை, பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரம். மில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், வேனுக்கு நிற்கிற தாய்மார்கள், இரண்டு தெருவும் இருந்தது. அனுசியா டீச்சர் பள்ளிக்குள்ளிருந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். உதவிக்கு வந்த காலனிப் பையன்களைக் கிட்டே வராதே என்று அதட்டி விரட்டினார். பிளெக்ஸுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார். சாக்பீஸ் டப்பாவில் கிடக்கும் கத்தரிக்கோலை இடுப்பிலிருந்து எடுத்தார்.

கையில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் போனைத் தூக்கினார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "நல்லா எடுங்க. எந்தக் கை வெட்டுச்சுன்னு தெளிவாத் தெரியணும்."

சிங்கத்தைத் தொடவில்லை. குதிரையைத் தொடவில்லை. தலைவர்களின் மீசை ஒன்றில்கூடக் கத்தரி படவில்லை. தன் பட்டுச் சேலையைச் சுற்றி, மல்லிகையைச் சுற்றி, காலடியில் அப்பாவின் பெயரையும் பட்டத்தையும் சேர்த்து, நிதானமாக வெட்டினார். சின்னக் கத்தரி. கெட்டித் துணி. நேரம் பிடித்தது. ஐயாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கீழே நின்று, "என்ன தங்கச்சி இது?" என்றார்.

"எம் படத்த நான் எடுத்துக்கிடுதேன். மத்ததெல்லாம் ஒங்களுது. பத்திரமா வச்சுக்கோங்க."

வெட்டிய துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நேராகச் சமையலறைக்குப் போனார். மாரியாத்தாள் அங்கே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அடுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தார். வா, இன்றைக்கு நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு என்று அனுசியா அவரைக் கூப்பிட்டார். அதுவரை மாரியாத்தாள் வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் போனபிறகு சமையலறைக்குள்ளேயே சாப்பிடுவார். இத்தனை நாளும் அது டீச்சரின் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை.

மாரியாத்தாள் திரும்பாமலே சொன்னார். "எங்க ஆளுகன்னுல்லா நெனச்சோம் ஒங்கள."

"அதுக்குத்தான் அக்கான்னு கூப்பிட்டியா?"

"ஆமா. பொறவு வேற எதுக்குக் கூப்பிடுவாக?"

அனுசியா அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் இல்லாத ஒரு வரிசையைத் தான் உண்டாக்கிவிட்டதாக அவர் நம்பியிருந்தார். இரண்டு தெருவும் சாதியை மறந்து உட்காரவில்லை. டீச்சர் நம்ம சாதி என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் நினைத்த ஆளுகதான் என்று சிரித்துச் சிரித்து அந்தக் கணக்குக்கு வழிவிட்டது அவர்தான். செம்பில் கொடுத்த தண்ணீரும், அக்கா என்ற சொல்லும், எல்லாமே அந்தப் பழைய கேள்விக்கு அவரவர் எழுதிக்கொண்ட பதிலுக்குக் கிடைத்தவை. அவருக்குக் கிடைத்தவை அல்ல.

"சரி. இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே. இனி மறைக்க ஒண்ணுமில்ல. வா" என்றார்.

"வேலை போயிரும்."

"போனா ரெண்டு பேருக்கும் போகட்டும்."

"ஒங்களுக்குப் போகாது. வேற ஊருக்கு மாத்துவாக. எனக்குத்தான் போகும்."

அனுசியா தனியாக வராண்டாவுக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் இரண்டு கும்பலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கேட்டில் ஐயாதுரையும் இன்னும் சிலரும் நின்றார்கள். பிறகு மாரியாத்தாள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். இரண்டு தட்டில் போட்டார். ஒன்றை டீச்சரின் கையில் கொடுத்தார். கையில். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, கேட்டில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீச்சருக்குப் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

முதலில் காலனிப் பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகளில் சிலர் கேட்டைப் பார்த்தார்கள், அண்டாவைப் பார்த்தார்கள், வந்துவிட்டார்கள். சிலர் வரவில்லை. ஐயாதுரையின் பேத்தி பாதி தூரம் தட்டோடு வந்தாள். அவர் உள்ளே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகிறவரை அந்தக் குழந்தை திரும்பித் திரும்பி அண்டாவையே பார்த்துக்கொண்டு போனது.

மறுநாள் விழா நடந்தது. காலி நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்திக் கை தட்டினார்கள். அடுத்த வாரம் மேலத்தெருவில் வேன் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று போனது. டீச்சர் மேல் புகார் போனது. விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து தாள் வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினாராம். சாதிச் சங்கத்தின் பிளெக்ஸ் எப்போது பொதுச் சொத்தானது என்று அவர் திருப்பி எழுதினார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. அண்ணன் பேசுவதில்லை. வேறு ஊருக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு இருக்கிறது. சமையலுக்கு வேறு குழுவைக் கேட்டு மேலத்தெருவிலிருந்து மனு போயிருக்கிறது. அது யார் மேஜையில் கிடக்கிறது என்று தெரியவில்லை. பிளெக்ஸ் அதே இடத்தில் நிற்கிறது. சிங்கத்துக்கும் குதிரைக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஓட்டை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அந்த ஓட்டை வழியாகப் பள்ளிக்கூட வராண்டா தெரிகிறது.

வரிசை முன்பைவிடச் சின்னதுதான். ஆனால் ஒரே வரிசை. அதில் உட்காருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் சமைத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரியும். தெரிந்தே உட்காருகிறார்கள்.

மாரியாத்தாள் அதன்பிறகு அக்கா என்று கூப்பிடவில்லை. அம்மா என்றும் கூப்பிடுவதில்லை. "டீச்சர், தட்ட நீட்டுங்க" என்கிறார்.